கலங்கல் நீரை வரைவது: கடலூர் முகத்துவார ஓவியம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வேலை இது. மூன்று கேன்வாஸ்கள், ஒவ்வொன்றும் 36 அங்குல அகலம், 48 அங்குல உயரம். வரிசையாக மாட்டினால் 9 அடி. ஊடகம் அக்ரிலிக். மாட்டவேண்டிய இடம் புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கும் ஒரு தங்கும் விடுதியின் முன்கூடம். பொருள், கடலூர் துறைமுகம்: கெடிலமும் பரவனாறும் சேர்ந்து கடலுக்குப் போகிற இடம், ஐப்பசிக் கடைசியில், மழைத்தண்ணீர் இறங்கிக் கலங்கியிருக்கும் நேரம். மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்க்கிற காட்சி. முன்னால் நீர்ப்பரப்பு, இடப்பக்கம் கட்டிப்போட்ட ஃபைபர் படகுகள், எதிரே தாழ்ந்த மணல்திட்டு, அதற்கு அப்பால் கடல்கோடு.

ஓவியர் நன்றாக வரையக்கூடியவர். படகு, கயிறு, வலைக்குவியல் எல்லாம் முதல் படத்திலேயே சரியாக வந்துவிட்டன. வராதது தண்ணீர் மட்டும்தான். பார்த்தவர்கள் சொன்னது ஒரே மாதிரி: "நீலத் துணியை விரிச்சுப் படகை மேல வெச்ச மாதிரி இருக்கு." அதைத் திருத்தி இரண்டாவது முறை வரைந்தபோது தண்ணீர் கிடைத்தது, ஆனால் படத்தின் மேற்பரப்பு கெட்டது. பார்வையில் நடந்த தவறும் பொருளில் நடந்த தவறும் தனித்தனிக் காரணங்களால் வந்தவை. இந்தக் கரையோரத்தில் நீரை வரைய உட்காருகிற பலருக்கும் இரண்டும் நேரும் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் படம் ஏன் துணியாகிப் போனது

தொடக்கத் தவறு போட்டோவில். வானம் காலை ஆறே கால் மணிக்கு எடுத்தது, தண்ணீர் பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்தது. இரண்டும் அழகான படங்கள், அதனால் சேர்த்தாயிற்று. நம் கரையில் இந்தச் சேர்க்கை எடுபடாது. கிழக்குக் கரை என்பதால் காலையில் சூரியன் முகத்துக்கு எதிரே நிற்கிறது; தண்ணீர் வெள்ளியாக மினுங்கும், உள்நிறம் குறைவாகத்தான் தெரியும். பிற்பகலில் வெளிச்சம் முதுகுப்பக்கமிருந்து வருகிறது. மினுக்கம் ஓய்ந்து நீலமும் பச்சையும் பழுப்பும் தெரியும். காலை வானத்தின் கீழே பிற்பகல் தண்ணீரை வைத்தால் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண் ஒத்துக்கொள்ளாது. ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1969 முதல் வரைந்த கடற்காட்சிகளில் ஒரு போட்டோவின் வானத்தையும் இன்னொன்றின் கடலையும் தெரிந்தே ஒட்டவைத்தார். அந்தப் படங்களில் வரும் மெல்லிய அந்நியத்தன்மைக்கு அதுவும் ஒரு காரணம். அவருக்கு அது வேண்டியிருந்தது. முன்கூடத்தில் மாட்டும் துறைமுகக் காட்சிக்கு அது வேண்டாம்.

அடுத்தது சிற்றலை. ஓவியர் அடிவிளிம்பில் பெரிய தீற்றலும் மேலே போகப்போகச் சிறிய தீற்றலும் போட்டிருந்தார். அதுவரை சரி. ஆனால் அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தன. தரையில் படுத்துக் கிடக்கும் பரப்புக்கு அது பொருந்தாது. தூரம் இரண்டு மடங்கானால் தீற்றலின் நீளம் பாதியாகும். அதன் உயரமும் அடுத்தடுத்த அலைகளுக்கு நடுவிலான இடைவெளியும் கால்பங்காகும். அடிவிளிம்பில் 12 செ.மீ. நீளம், 4 செ.மீ. உயரம் கொண்ட ஒரு சிற்றலை இரு மடங்கு தூரத்தில் 6 செ.மீ. நீளம், 1 செ.மீ. உயரம். நான்கு மடங்கில் 3 செ.மீ., இரண்டரை மில்லிமீட்டர். எட்டு மடங்கில் ஒன்றரை செ.மீ. நீளமுள்ள ஒரு கோடு, உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அலை தட்டையாகிக் கோடாவதில்தான் நீர் படுக்கிறது. இதைத் தவறவிட்டால் நீர்ப்பரப்பு நிமிர்ந்து நின்றுகொள்ளும், அதாவது தொங்கும் துணி.

மூன்றாவது தவறை ஓவியர் கடைசிவரை தவறென்றே நினைக்கவில்லை: வானத்து மேகத்தைத் தலைகீழாகத் திருப்பி, கீழ்விளிம்பு வரை இழுத்து நீட்டியிருந்தார். அமைதியான நீரில் தொடுவானத்துக்கு 12 அங்குலம் கீழே தெரிவது, தொடுவானத்துக்கு 12 அங்குலம் மேலே உள்ள வானம். இந்தப் படத்தில் தொடுவானத்துக்கு மேலே இருப்பதே 12 அங்குல வானம்தான். அப்படியானால் 36 அங்குல நீரில் மேல் 12 அங்குலம் மட்டுமே படத்தில் வரைந்த வானத்தைப் பிரதிபலிக்க முடியும். மீதி 24 அங்குலத்தில் விழுவது சட்டத்துக்கு வெளியே, மேலே இருக்கும் வானம். அங்கே மேகம் இருந்ததா இல்லையா என்று இடத்தில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்து ஒரு வரி எழுதி வைத்திருக்க வேண்டும். போட்டோவில் அது இருக்காது.

நான்காவது, நிழலையும் பிம்பத்தையும் ஒன்றாக்கியது. படகின் கீழே சாய்வாக ஒரே ஒரு கரும்பட்டை. பிம்பம் எப்போதும் பொருளுக்கு நேர் கீழே, செங்குத்தாக விழும். சூரியன் எங்கே இருந்தாலும் கவலையில்லை. நிழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் சாயும். தெளிந்த ஆழமான நீரில் மேற்பரப்பில் நிழல் விழுந்து தெரிவதற்கு ஒன்றுமில்லை, பிம்பம் மட்டும்தான். கலங்கல் நீரில் மிதக்கும் வண்டல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் நிழலும் தெரியும். ஆகவே ஐப்பசித் தண்ணீரில் இரண்டையும் வரைய வேண்டும்: நேர் கீழே பிம்பம், சாய்ந்து நிழல், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மிக அடர்ந்த தொனி (நிறத்தின் வெளிச்ச-இருள் அளவு). மாசி, பங்குனியில் நீர் தெளிந்த பிறகு அதே படகை வரைந்தால் நிழலை எடுத்துவிட வேண்டும். 'கலக்கல்', 'தெளிவு' என்று மீனவர்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிற வித்தியாசத்துக்கு ஓவியத்தில் இத்தனை வேலை இருக்கிறது.

அளவு போட்டுத் தொடங்கிய இரண்டாவது படம்

தூரிகையைத் தொடுவதற்கு முன் மூன்றைத் தீர்மானித்தார்கள்: நேரம், கண் உயரம், அடிவிளிம்பு எத்தனை மீட்டர் தூரத்து நீர் என்பது. நவம்பர் நடுவில் காலை 8 மணி. துறைமேடை நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர், நிற்பவரின் கண் அதற்கு மேல் ஒன்றரை மீட்டர், மொத்தம் மூன்றரை. அடிவிளிம்பு 7 மீட்டர் தூரத்து நீர். இந்தக் கரையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் கண் உயரத்தில் பெரிய பிழை வராது.

இதன் பிறகு கணக்கு எளிது. நீருக்கு 36 அங்குலம் ஒதுக்கியிருக்கிறது. தொடுவானத்திலிருந்து கீழே 36 அங்குலத்தில் 7 மீட்டர் தூரம், 18 அங்குலத்தில் 14 மீட்டர், 9 அங்குலத்தில் 28 மீட்டர், நாலரையில் 56 மீட்டர். தூரம் இரட்டிக்க உயரம் பாதியாகும். இந்த நான்கு கோடுகளையும் மூன்று கேன்வாஸ் பலகைகளிலும் மெல்லிய பென்சிலில் இழுத்துக்கொண்டார்கள். நீர்ப்பகுதியின் பாதி உயரத்தை வெறும் 7 மீட்டர் நீர் எடுத்துக்கொள்வதும், 56 மீட்டருக்கு அப்பாலுள்ள எல்லாமே நாலரை அங்குலத்துக்குள் அடங்குவதும் முதல்முறை பார்ப்பவருக்கு நம்பமுடியாமல் இருக்கும். முதல் படம் தவறியதே இங்கேதான்: நடுநீருக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்திருந்தது. இந்த அளவுகளின்படி படத்தைச் சரியாகப் பார்க்கும் தூரம் 6 அடி. முன்கூடத்தில் வரவேற்பு மேசைக்கும் சுவருக்கும் நடுவே 8 அடி இடைவெளி இருந்தது, போதும்.

அடுத்தது, நீர் எங்கே வானத்தைக் காட்டுகிறது, எங்கே தன்னைக் காட்டுகிறது என்பது. நீரின் நிறம் என்று தனியாக ஒன்றைத் தேடுவதுதான் நீலத் துணிக்குக் கொண்டுபோய் விடுகிறது. பார்க்கும் கோணத்தைப் பொறுத்து நீர் எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்பது மாறுகிறது. நேர் கீழே குனிந்து பார்த்தால் 2 சதவீதம்தான் மேற்பரப்பில் திரும்பும். நம் நான்கு கோடுகளில், அலையில்லாத நீரில், 7 மீட்டரில் 8 சதவீதம், 14 மீட்டரில் 23, 28 மீட்டரில் 47, 56 மீட்டரில் 68. இதை அப்படியே வண்ணக் கலவை விகிதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலை வானம் பழுப்பு நீரின் உள்வெளிச்சத்தைவிடப் பல மடங்கு பிரகாசம். எனவே 14 மீட்டர் கோட்டிலேயே வானம் சரிக்குச் சரி வந்துவிடும். ஓவியர் வைத்துக்கொண்ட வழி: அடிவிளிம்பிலிருந்து 14 மீட்டர் கோடு வரை பழுப்பு மேலோங்கட்டும், அதற்கு மேல் வானம் மேலோங்கட்டும், 28 மீட்டருக்கு அப்பால் பழுப்பே வேண்டாம்.

காற்றுத் திட்டுகளுக்கு மட்டும் விதிவிலக்கு. இலேசான காற்று பட்ட இடத்தில் சிற்றலையின் நம் பக்கச் சரிவு மேல்வானத்தைப் பிடிக்கும், கூடவே உள்நிறத்தையும் கொஞ்சம் காட்டும். காலை வேளையில் மேல்வானம் தொடுவானத்தைவிட இருண்டது. அதனால் தூரத்து நீரில் காற்றுத் திட்டு இருண்ட பட்டையாகத் தெரிகிறது. இரண்டு மூன்று பட்டைகள் போதும், விளிம்பு கிழிந்தாற்போல. நீளம் தாராளமாக, உயரம் அரை அங்குலத்துக்குள்.

சூரியன் படத்துக்குள் இல்லை. 8 மணிக்கு ஏறக்குறைய 25 டிகிரி உயரத்தில், நேர் கிழக்கிலிருந்து 26 டிகிரி தெற்கே தள்ளி இருக்கிறது. மேல்விளிம்பு 10 டிகிரிக்கும் குறைவு. ஆனாலும் அதன் மினுக்கம் படத்துக்குள் விழும்: வலது பலகையின் கிட்டத்தட்ட நடுவில், அடிவிளிம்பில் அடர்ந்து, தொடுவானம் நோக்கிச் செங்குத்தாக ஏறும். முதல் படத்தில் மினுக்கம் இடது படகை நோக்கிச் சாய்ந்து ஓடியது. அமைப்புக்கு அழகு என்று செய்தது. மினுக்கம் சாயவே சாயாது. காற்றடித்தால் அகலமாகும், அவ்வளவுதான்.

நிழலுக்கு ஒரு எளிய கைவேலை. வலது பலகையில் மினுக்கத்துக்கு நேர் மேலே, தொடுவானத்தில் ஒரு குண்டூசி, அதில் நூல். நூலை இழுத்துப் படகின் நீர்க்கோட்டில் ஒவ்வொரு புள்ளி மேலும் வைத்து நீட்டினால் அந்தப் புள்ளியின் நிழல் போகும் திசை கிடைக்கும். இடது பலகைப் படகுகளின் நிழல் நன்றாக இடப்பக்கம் சாய்ந்து நம்மை நோக்கி வரும். 25 டிகிரிச் சூரியனுக்கு நிழலின் நீளம் பொருளின் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். பிம்பத்துக்கு நூல் வேண்டாம்: நீர்க்கோட்டுக்கு மேலே படகு எவ்வளவோ, கீழேயும் அவ்வளவு. மணல்திட்டில் கரையிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும் பனைக்கு இந்தக் கணக்கு செல்லாது. திட்டே அதன் பிம்பத்தின் ஒரு பகுதியை மறைத்துவிடும். முழுப் பனையையும் நீரில் இறக்குவது நம்மூர் நீர்க்காட்சிகளில் அடிக்கடி காணும் பிழை.

போட்டோ எடுப்பது பற்றியும் சொல்லிவிட வேண்டும். போலரைசர் கண்ணாடி போட்டு எடுக்கக் கூடாது. அது நீர்மேல் பிரதிபலிப்பைத் தின்றுவிடும். நாம் வரைய வந்ததே அதைத்தான். வெயிலில் போன் கேமரா தானாகவே ஷட்டரை 1/1000 நொடிக்கு மேல் கொண்டுபோகும். அலை உடைந்த கண்ணாடிச் சில்லாக உறைந்துவிடும். கண் அப்படிப் பார்ப்பதில்லை. அரை நிமிட வீடியோ எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மறுபடி மறுபடி வரும் வடிவங்களை மட்டும் குறித்துக்கொள்வது மேல்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை வரைகிறவர்களுக்கு ஆண்டும் முக்கியம். அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத் தடுப்புகள் வந்த பிறகு, வடக்கே போகும் மணல் நின்று, கரை கல்லாயிற்று. 2018-இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு இறக்கிய பிறகு தலைமைச் செயலகம் பக்கம் மணல் திரும்பியது. கல்லில் மோதும் நீர் மேலே தெறிக்கும். மணலில் ஏறும் நீர் மெல்லிய கண்ணாடிபோல் படர்ந்து, நுரைக்கோட்டை விட்டுவிட்டு இறங்கும். இரண்டையும் ஒரே படத்தில் பார்க்க நேர்வதுண்டு.

எந்த வழியில் வரைவது

கணக்கு தயாரான பிறகும் ஓவியருக்கு ஒரு தயக்கம்: இத்தனை அளவுக்குள் நீர் உயிரோடு இருக்குமா? இந்த இடத்தில் நீரையே பொருளாக எடுத்தவர்களின் முறைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது உதவியது. டேவிட் ஹாக்னி 1967-இல் வரைந்த 'எ பிக்கர் ஸ்பிளாஷ்' அக்ரிலிக்தான். தட்டையான பரப்புகள் எல்லாம் ரோலரில் அடித்தவை. இரண்டு நொடி நீடிக்கும் தெறிப்பை மட்டும் சிறு தூரிகைகளால் ஏறக்குறைய இரண்டு வாரம் வரைந்தார். உழைப்பை எங்கே வைப்பது என்பதற்கு அது பாடம். வீஜா செல்மின்ஸ் கலிபோர்னியக் கடலைத் தானே எடுத்த போட்டோக்களிலிருந்து பென்சில் கரியில் வரைந்தார். தொடுவானமே கிடையாது, ஓரம் முதல் ஓரம் வரை அலை. பளபளப்பு துளியும் இல்லாத காகிதத்தில் நீர் வந்துவிடுகிறது. பேட் ஸ்டீர் 1980களின் பிற்பகுதியிலிருந்து செய்யும் அருவிப் படங்களில் மேலிருந்து வண்ணத்தை ஊற்றி, புவியீர்ப்பையே வரையவிடுகிறார். அருவிக்கு அது பொருத்தம். படுத்த நீருக்கு ஊற்றும் முறை ஒத்துவராது. வழிந்த தடம் செங்குத்து, நமக்கு வேண்டியது கிடைமட்டம். முதல் படத்தில் ஓவியர் முயன்ற வழிசல்கள் துணியின் மடிப்பாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

முடிவாக ஹாக்னியின் வழிக்கு நெருக்கமாக வந்தார்கள். 14 மீட்டர் கோட்டுக்கு மேலே தட்டையான, விளிம்பு மழுங்கிய பட்டைகள். உழைப்பு முழுவதும் கீழ்ப்பாதியிலும் மினுக்கத்திலும்.

வண்ணமும் கையும்

முதல் படத்தில் தாலோ நீலமும் டைட்டானியம் வெள்ளையும். தாலோவின் சாயவலு மிக அதிகம். வெள்ளையில் ஒரு சொட்டு விழுந்தாலே பெயிண்ட் கடை நீலம். வெள்ளையைக் கிளேஸிலும் (அடிநிறம் தெரியும்படி ஓட்டும் மெல்லிய மேற்பூச்சு) கலந்ததால் நீர் சுண்ணாம்பு பூசினாற்போல் மங்கியது.

இரண்டாவது படத்தில் தாலோவே இல்லை. அடிவிளிம்பு நீருக்கு மஞ்சள் ஓக்கர் 4 பங்கு, ரா அம்பர் 2, வெள்ளை 3, அல்ட்ராமரின் அரை. தூரத்து நீருக்கு வெள்ளை 8, அல்ட்ராமரின் 1, பர்ன்ட் சியன்னா அரை. இந்த இரண்டையும் இரு முனையாக வைத்து நடுவில் மூன்று கலவை. மொத்தம் ஐந்து மூடிபோட்ட டப்பா, ஒவ்வொன்றிலும் 200 மில்லி. 27 சதுர அடி நீருக்கு இரண்டு பூச்சுக்கு இது வந்தது. அக்ரிலிக் ஈரத்தில் வெளிறித் தெரிந்து காய்ந்தபின் ஒரு படி இருளும். ஆகவே ஐந்தையும் அட்டையில் தடவி, காயவிட்டு, காய்ந்ததோடு காய்ந்ததை ஒப்பிட்டுத்தான் படியைச் சரிசெய்ய வேண்டும். ஈரத்தில் சரியாகத் தெரிந்த ஐந்து படிகளும் காய்ந்ததும் மூன்றாகச் சுருங்கிய ஒரு நாள் இந்த வேலையிலும் உண்டு.

கரைக்கும் தண்ணீர் இரண்டு ஊரிலும் கவனிக்க வேண்டிய பொருள். கடலோர போர்வெல் நீரில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. இருண்ட கிளேஸ் காய்ந்தபின் மேலே வெள்ளைப் படிவாக நிற்கும். கேன் தண்ணீர் போதும். அதைவிட மோசம், 'அந்த இடத்துத் தண்ணீரிலேயே கரைப்பது' என்கிற ஆசை. நீர்வண்ணக்காரர்களுக்கு இது அதிகம். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கிறது. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே. நம் மழைக்காலத்தில் அந்தக் காகிதம் காயவே காயாது. நிறம் நகரும், பிறகு பூஞ்சணம்.

நம் வெயிலில் அக்ரிலிக் ஐந்து பத்து நிமிடத்தில் இறுகிவிடும். ஒரு பட்டையை மூன்று பலகைக்கும் சேர்த்து ஒரே இழுப்பில் மழுக்க அது போதாது. காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் சேர்க்கலாம், ஆனால் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச அளவைத் தாண்டினால் நாள் கணக்கில் பிசுபிசுக்கும். இங்கே மின்விசிறியை நிறுத்தி, கேன்வாஸின் மேல் மெல்லிய தூவானம் தெளித்து, இரண்டு அங்குலத் தட்டைத் தூரிகையால் வேலை நடந்தது. மூன்று பலகைகளும் எப்போதும் பக்கத்தில் பக்கமாகவே இருந்தன. தனித்தனியாக வரைந்து பிறகு சேர்த்தால் கோடுகள் ஒரு அங்குலமாவது விலகும்.

மினுக்கம் கடைசி. அதற்கு மட்டும் தூய வெள்ளை, ஓக்கர் துளி. தூரத்தில் ஆறாம் எண் வட்டத் தூரிகையால் கிடைக்கோடுகள், அருகே முக்கால் அங்குலத் தட்டையால் லென்ஸ் வடிவங்கள். மினுக்கத்தின் வெண்மை தெரிய அதைச் சுற்றியுள்ள நீர் நடுத்தொனியில் இருக்க வேண்டும். வலது பலகையின் நீர் முழுவதையும் ஒரு படி இறக்கிய பிறகுதான் மினுக்கம் எரிந்தது.

மேற்பரப்பு கெட்டது

முதல் படத்தில் நீருக்கு 'ஆழம்' வேண்டுமென்று 3 மி.மீ. கனத்தில் பளபளப்பு (gloss) ஜெல் பூசியிருந்தார்கள், அதுவும் கார்த்திகை மழையில். அக்ரிலிக் ஜெல் ஈரத்தில் பால்நிறம். உள்ளிருக்கும் நீர் வெளியேறினால்தான் தெளியும். ஈரப்பதம் 90-ஐத் தொடும் நாட்களில் அது வெளியேற வழியில்லை. பொறுமையிழந்து இரண்டாவது பூச்சைப் போட்டதில் அடியில் இருந்த ஈரம் சிறைப்பட்டது. விரைவாகக் காய மின்விசிறியை நேராக வைத்ததில் மேல்தோல் மட்டும் இறுகி, அடி சுருங்கும்போது மயிரிழை வெடிப்புகள். கனமான பூச்சு வேண்டுமானால் அரை மி.மீ. வீதம், ஒவ்வொன்றும் முழுக்கத் தெளிந்த பின், தை முதல் சித்திரைக்குள் செய்வதுதான் வழி. எங்கள் கணிப்பில் இந்தப் படத்துக்கு அது தேவையே இல்லை. பளபளப்பு ஈரமல்ல, செல்மின்ஸின் பென்சில் கரியை நினைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது படம் நல்ல பருவத்தில், மாசி முதல் சித்திரைக்குள் முடிந்தது. கெட்டது வண்டியில். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 25 கிலோமீட்டருக்குள்தான். மே மாதம், மூடிய சிறு லாரி, மூன்று பலகையையும் பபிள் ராப்பில் இறுக்கிச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக. வழியில் சாப்பாட்டுக்கு வண்டி வெயிலில் நின்றது. அக்ரிலிக் படலம் காய்ந்தபின்னும் சூட்டில் இளகும் தன்மையது. அழுத்தமும் சேர்ந்தால் தொட்டதை ஒட்டிக்கொள்ளும். பிரித்தபோது கீழ்ப்பாதி நீர் முழுவதும் வரிசையான வட்டத் தடங்கள்.

திருத்தம் இப்படி: தடம் மேலோட்டமாக இருந்த இடங்களில் மிக மெல்லிய நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரத்தோடு இலேசாகத் தேய்த்து, அதே டப்பாக் கலவையை மெலிதாக மேலே ஓட்டியது. மீதமிருந்த கலவையைக் கொட்டாமல் மூடி வைத்திருந்ததுதான் காப்பாற்றியது. ஆழமான இடங்களில் சிற்றலையைப் புதிதாக வரைந்து மறைத்தார்கள். கீழ்ப்பாதி என்பதால் அலைக்கு இடமிருந்தது. அனுப்பும்போது செய்யவேண்டியது: ஒவ்வொரு பலகைக்கும் முகப்பைத் தொடாத ஆழமான மரச்சட்டப் பெட்டி, நிமிர்த்தி நிறுத்தியபடி, விடியற்காலைப் பயணம். எதையாவது முகப்பின்மேல் போட்டே ஆகவேண்டுமென்றால் சிலிக்கோன் பூசிய தாள். பபிள் ராப் அதற்கு வெளியே, குமிழி வெளிப்பக்கம் பார்க்க.

வார்னிஷுக்கு முன்கூடத்து விளக்குகள் முடிவு சொன்னன. பளபளப்பு (gloss) வார்னிஷ் பூசிய சோதனைத் துண்டில் டியூப்லைட் இரண்டும் அப்படியே தெரிந்தன. நீரில் பொய்ப் பிம்பம். பளபளப்பே இல்லாத முழு மேட் பூசினால் நிழலின் கருமை வெளிறியது. இரண்டுக்கும் நடுவிலான சாட்டின் பொருத்தம். முதலில் வண்ணத்தையும் வார்னிஷையும் பிரிக்கும் தடுப்புப்பூச்சு, அதன்மேல் கழற்றக்கூடிய வார்னிஷ், ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நாளில், மூன்று பலகையும் ஒரே நேரத்தில்.

அடுத்த மழைக்காலத்தில் இடது பலகையின் பின்பக்கம் பூஞ்சணம் பிடித்தது. சுவர் வடகிழக்குப் பார்த்த வெளிச்சுவர். மழை நேராக அடிக்கும் பக்கம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஊறும் சுவரில் பலகை ஒட்டி உட்கார்ந்தால் பின்னால் காற்றே போகாது. மாட்டுவதற்கு முன் சுவரைச் சோதிக்க எளிய வழி உண்டு: ஒன்றரை அடி சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்ப்பது. உள்பக்கம் வியர்த்தால் சுவர் ஈரம், வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக்காற்று ஈரம். இங்கே உள்பக்கம் வியர்த்தது. வெளிப்பூச்சைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, பலகையின் நான்கு மூலையிலும் 25 மி.மீ. தக்கைக் கட்டை வைத்து மாட்டினார்கள். கொக்கியும் திருகும் 316 ரக ஸ்டீலுக்கு மாறின. 304 ரகம் கடற்காற்றில் பழுப்பு ஒழுகும்.

இன்னும் ஒன்று மீதமிருக்கிறது. இடது பலகையின் அடிமூலையில், வாசல் திறந்து பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது, நான்கைந்து பபிள் வட்டங்கள் மங்கலாகத் தெரிகின்றன. அந்த இடத்தில்தான் படகின் நிழலும் பிம்பமும் வெட்டிக்கொள்கின்றன. மேலே இன்னொரு கிளேஸ் ஓட்டினால் அந்தத் தொனி ஒரு படி இறங்கிவிடும். வட்டங்களைத் தொடவில்லை.